ஆணி மெலிந்த கதை

எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு அப்பா முதலில் கொடுக்கும் வேலை ஆணி நிமிர்த்துவது. மில்களுக்கு மெஷின் வந்து இறங்கும் பெரிய மரப்பெட்டிகளை அவர் விலை பேசி வாங்கி வருவார். பெட்டியைப் பிரித்ததும் பலகையெல்லாம் ஒரு பக்கம் அடுக்காகும், பிடுங்கிய ஆணியெல்லாம் தகர டின்னுக்குள் விழும். பையன் தண்டவாளத் துண்டின்மேல் ஒவ்வொன்றாக உருட்டி வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டும். கட்டைவிரலில் நாலு அடி விழாமல் சுத்தியல் கைக்கு வராது என்பது அவர் கணக்கு. கடையில் புது ஆணி கிடைக்காமல் இல்லை. இரும்பைக் கீழே போடக் கூடாது என்பது அந்தத் தலைமுறையின் பிடிவாதம்.

இப்போது என் மகன் நடத்தும் பட்டறையில் சாயங்காலம் தரையைப் பெருக்கினால் மரத்தூளோடு மெல்லிய ஆணிகள் பிடி பிடியாக வருகின்றன. யாரும் குனிந்து பொறுக்குவதில்லை. அங்கே வருகிறவர்களில் சிலர் வேலை கொடுக்க வருவதில்லை; தாங்களே வீட்டில் அலமாரி செய்து பார்க்கும் ஆசை வந்தவர்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "ஏனுங்க, வீட்டு வேலைக்கு ஆணி அடிக்கக் கம்ப்ரஸர் கன் நல்லதுங்களா, பேட்டரி கன் நல்லதுங்களா?" ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த இரண்டு கருவிகளும் எந்த ஊரில், எந்த வேலைக்காகப் பிறந்தன என்று தெரியாமல் சொன்னால் அந்தப் பதிலால் பிரயோஜனம் இல்லை.

அப்பாவின் பிடிவாதத்துக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அது பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்தபோது, வேறு நிலம் தேடிப் போகிறவர்கள் பழைய வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுச் சாம்பலில் ஆணி பொறுக்கினார்கள். 1645-இல் அதைத் தடுக்கச் சட்டமே போட வேண்டி வந்தது: வீட்டைக் கொளுத்தாதே, அதில் இருக்கும் ஆணிகளுக்கு ஈடான ஆணியை அரசு தரும். அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியப் படைக்கும் இதே கவலை. ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் இருந்த இன்ச்டூத்தில் கோட்டையை அவர்கள் கி.பி. 86 வாக்கில் காலி செய்தபோது, எட்டே முக்கால் லட்சம் அளவுக்கு ஆணிகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைத்தால் இரும்பை உருக்கி ஆயுதம் செய்துவிடுவார்கள் என்ற பயம். 1960-இல் தோண்டி எடுத்தபோது மேலே இருந்தவை துருவேறி ஓடாக இறுகியிருந்தன. அந்த ஓட்டின் காவலில் உள்ளே இருந்தவை நன்றாகவே இருந்தன.

ஒவ்வொன்றும் உலையில் காய்ச்சி, நான்கு பக்கமும் அடித்துக் கூராக்கி, தலை பிடித்துச் செய்த ஆணி. ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய புத்தகத்தில் ஆணிக் கொல்லர்களின் கணக்கு இருக்கிறது. ஆணி அடித்துப் பழக்கமில்லாத கொல்லன் ஒரு நாளில் இருநூறு முந்நூறு செய்வான், அதுவும் மட்டமாக. பழகியவன் எண்ணூறு முதல் ஆயிரம். வேறு தொழிலே செய்திராத, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் முழு மூச்சாக இறங்கினால் 2,300-க்கு மேல். ஸ்மித் இதை வேலைப் பிரிவினையின் பெருமையாகச் சொல்கிறார். நான் அந்தப் பையன்களின் தோள்பட்டையை நினைத்துக்கொள்கிறேன். தாமஸ் ஜெஃபர்சன் தன் மான்டிசெல்லோ பண்ணையில் 1794-இல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் வேலை செய்தவர்கள் பத்து முதல் பதினாறு வயது வரையிலான அடிமைச் சிறுவர்கள். எவ்வளவு இரும்பு கொடுத்தோம், எவ்வளவு ஆணி வந்தது, எவன் எவ்வளவு வீணாக்கினான் என்று நிறுத்துப் பார்த்துக் கணக்கு எழுதினார் அந்தப் பெரிய மனிதர். சுதந்திரப் பிரகடனம் எழுதிய கைதான்.

அதே 1790-களில் அமெரிக்காவில் இரும்புத் தகட்டை ஆப்பு வடிவத்தில் வெட்டி ஆணி செய்யும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அடுத்த நூற்றாண்டின் கடைசியில் எஃகுக் கம்பியை நறுக்கிச் செய்யும் உருண்டை ஆணி அதையும் ஓரங்கட்டியது. நாம் இன்று ஆணி என்றாலே நினைக்கும் கம்பி ஆணி இதுதான். பொருளியலாளர் டேனியல் சிச்செல் கணக்கிட்டபடி, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆணியின் உண்மை விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

விலை இறங்கியபோது பிடிப்பும் இறங்கியது. இதைத் தச்சனாகச் சொல்கிறேன். சதுரமாக, கீழே போகப் போகச் சிறுத்து வரும் பழைய ஆணி, மரத்தின் நாரை அறுத்துக் கீழ்நோக்கி மடக்கிக்கொண்டு இறங்கும். மடங்கிய நார் முனைகள் ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உருண்டைக் கம்பியோ நாரை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. போன வழியிலேயே திரும்பியும் வரும். 1890-களில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் இரண்டு வகையையும் அடித்துப் பிடுங்கிச் சோதித்தார்கள். வெட்டிய ஆணிதான் அதிகம் தாங்கியது. அதனால் என்ன? சந்தை கம்பி ஆணியை எடுத்துக்கொண்டது. ஒன்று பிடிக்கும் இடத்தில் இரண்டு அடித்தால் போகிறது என்று உலகம் முடிவு செய்தது. அந்த முடிவிலிருந்துதான் ஆணி அடிக்கும் இயந்திரத்தின் தேவை பிறந்தது என்பது என் எண்ணம். ஒரு மூட்டை ஆணியைச் சுத்தியலால் அடித்து முடிக்க மனிதன் கையால் ஆகாது.

வெட்டிய ஆணி மலிந்ததும் அமெரிக்காவில் வீட்டின் உருவமே மாறியது. தடித்த உத்தரங்களைத் துளையிட்டுக் கோத்து வீடு கட்டிய வழக்கம் போய், 1830-களில் சிகாகோ பக்கம் மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியாலேயே இணைக்கும் கட்டுமானம் வந்தது. கைதேர்ந்த தச்சன் வேண்டாம். ரம்பமும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்தால் போதும். இன்றும் அந்த நாட்டு வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டத்தில்தான் நிற்கின்றன. வீடியோக்களில் மூன்றங்குல ஆணியைத் துப்பாக்கி போலச் சுடும் பெரிய கருவியைப் பார்த்துவிட்டு அதைத் தேடி வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: அந்தக் கருவி சுவர் எழுப்புவதற்கு. நம் சுவர் செங்கல்.

நம் பக்கத்தில் ஆணியோடு உறவு வேறு மாதிரி. மதராஸ் கரையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அதில் ஆணி கிடையாது. வெள்ளைக்காரர்களின் ஆணியடித்த படகு அந்த அலையில் தரை தட்டினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். 1870-களில் துறைமுக வேலை தொடங்கி அது நிலைபெற்ற பிறகுதான் மசூலாவின் தேவை குறைந்தது. வீட்டு மரவேலையிலும் எங்கள் பெரியவர்கள் நிலை, கதவு எல்லாவற்றையும் துளையும் நாக்குமாகக் கோத்து, குறுக்கே மூங்கில் முளை அடித்து இறுக்கினார்கள். பெரிய கதவுகளின் குமிழாணி, வண்டியின் கடையாணி என்று கொல்லர் செய்து கொடுத்தவை உண்டுதான். ஆனால் மரத்தோடு மரம் சேருவதற்கு ஆணியை நம்பியவன் அரைகுறை ஆசாரி என்பது தாத்தா காலத்து ஏச்சு. மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும் மரத்துக்கு இரும்பு விட்டுக்கொடுக்காது. தேக்கோ வேங்கையோ, ஓரத்தில் ஆணி இறக்கினால் பிளக்கும்.

இனி கருவிக்கு வருகிறேன். அதன் மூதாதை தச்சுப் பட்டறையில் பிறக்கவில்லை, புத்தகம் தைக்கும் இடத்தில் பிறந்தது. 1896-இல் தொடங்கிய பாஸ்டன் வயர் ஸ்டிட்சர் என்ற அமெரிக்க நிறுவனம் கம்பியால் புத்தகம் தைக்கும் இயந்திரம் செய்தது. பின்னாளில் அதன் பெயர்தான் பாஸ்டிச். 1920-களில் ஸ்டேபிள் முள்களைப் பசை போட்டு ஒரே பட்டையாக ஒட்டி விற்கும் வழி வந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஆணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது கையால் பிடிக்கும் வேலை போனால்தான் இயந்திரத்துக்கு வாயில் ஊட்ட முடியும். இன்று நெயிலர் எனும் ஆணி கன்னுக்குள் நாம் செருகும் ஆணிப் பட்டை அந்த ஸ்டேபிள் பட்டையின் வம்சம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிலதிபர் ஹாவர்ட் ஹியூஸ் கட்டத் தொடங்கிய ராட்சத மர விமானத்தின் கதை எனக்குப் பிடித்தமானது. இறக்கையின் அகலம் 97 மீட்டருக்கு மேல். மெல்லிய பிர்ச் மரத் தாள்களை அடுக்கிப் பசையால் ஒட்டிய உடம்பு. பசை இறுகும்வரை அந்தத் தாள்களைப் பிடித்து வைக்க வேண்டுமே, அதற்கு மாரிஸ் பைனூஸ் என்ற பொறியாளர் ஆணியடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஒட்டி முடிந்ததும் ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். விமானம் 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒரு முறை, ஒரு மைல் அளவுக்குப் பறந்ததோடு சரி. ஆனால் பாரத்தைச் சுமப்பது பசை, ஆணி தற்காலிகக் காவலாள் என்ற ஏற்பாடு அதில் வெட்டவெளிச்சம். இன்று நம் வீட்டு பிளைவுட் வேலை முழுவதும் இதே ஏற்பாடுதான். ஆணியைப் பிடுங்காமல் உள்ளேயே விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1950-இல் காற்றழுத்த நெயிலர் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் வீடு வேண்டியிருந்த சமயம். தரைப் பலகையும் கூரைப் பலகையும் அடிக்கத்தான் முதலில் பயன்பட்டது. உள்ளே இருப்பது எளிய சங்கதி: விசையை இழுத்தால் வால்வு திறக்கும், சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து முதல் ஏழு கிலோ அழுத்தத்தில் காத்திருக்கும் காற்று பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டனின் நுனியில் உள்ள தகடு ஆணியை ஒரே அடியில் இறக்கும், மிச்சக் காற்று பிஸ்டனைத் திருப்பி மேலே அனுப்பும். ஒரு அலுமினிய உடம்பு, சில ரப்பர் வளையம். கெட்டால் வளையத்தை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது.

எங்கள் ஊருக்குக் காற்று புதிது இல்லை. கோயம்புத்தூரில் எல்ஜி நிறுவனம் 1960-இல் தொடங்கியது. மில், பஞ்சர் கடை, பெயின்ட் பட்டறை என்று கம்ப்ரஸர் சத்தம் கேட்காத தெரு இங்கே குறைவு. எங்கள் பட்டறைக்கும் கம்ப்ரஸர் ஆணிக்காக வரவில்லை. பாலிஷ் ஸ்ப்ரே அடிக்க வந்தது. பல வருஷம் கழித்து அதே குழாயில் ஆணி கன்னைச் செருகினோம். அதற்கு முன்பு பீடிங் ஒட்டுவது என்றால் சின்ன ஆணியின் தலையைத் தட்டையாக நசுக்கி, பீடிங்கின்மேல் பிடித்துத் தட்டி, பஞ்ச் வைத்து உள்ளே இறக்கி, குழியில் மக்கு வைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு தப்பு அடி விழுந்தால் பீடிங்கில் பிறைநிலா மாதிரி தழும்பு. கன் வந்ததும் ஒரு கையால் பீடிங்கைப் பிடித்து மறு கையால் சுட்டுக்கொண்டே போகலாம். அப்பா அதை ஓர் ஓரமாக நின்று பார்த்தார். "அடிக்கற ஆணி முடி மாதிரி இருக்குது, இது எதைத் தாங்கும்?" என்றார்.

கேட்டது நியாயம். நம் கடைகளில் எஃப்30 என்று கேட்டு வாங்குவது முப்பது மில்லிமீட்டர் நீளமுள்ள 18 கேஜ் பிராட் ஆணி; தடிமன் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர். அதற்குத் தலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அது தாங்குவதில்லை, அடியில் தடவிய ஃபெவிகால்தான் தாங்குகிறது. 1959-இல் வெள்ளைப் பசையாக அது சந்தைக்கு வந்து எலும்பு கொதிக்கவைத்த பழைய வஜ்ஜிரத்தை ஒழித்துக்கட்டியிராவிட்டால், இந்த முடி ஆணிக்கு இங்கே வேலையே இருந்திருக்காது. பெரிய கட்டுமான ஆணியிலும் இதே கதை உண்டு. இயந்திர ஆணிகள் பலவற்றின்மேல் பிசின் பூச்சு இருக்கும். வேகமாக இறங்கும்போது உரசலின் சூட்டில் அது இளகி வழிவிடும், பிறகு ஆறி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொல்லன் வடிவத்தால் கொடுத்த பிடிப்பை நாம் பசையால் திருப்பி வாங்குகிறோம்.

குழாய்தான் காற்று நெயிலரின் தலைவலி. கூரைமேல் நிற்பவனின் காலில் சிக்கும், ஏணியில் மாட்டும். கரண்ட் இல்லாத புது மனையில் கம்ப்ரஸருக்காக ஜெனரேட்டரையும் இழுத்துப் போக வேண்டும். இந்தத் தலைவலிக்குத் தீர்வாக 1986-இல் பாஸ்லோட் நிறுவனம் கொண்டுவந்தது குழாயில்லாத முதல் வெற்றிகரமான கருவி. கைக்குள் அடங்கும் எஞ்சின் அது. மூக்கை மரத்தில் அழுத்தினால் சின்னக் குப்பியிலிருந்து ஒரு மூச்சு எரிவாயு உள்ளே வரும், விசிறி அதைக் காற்றோடு கலக்கும், விசையை இழுத்தால் பொறி. வெடிப்பின் வேகத்தில் பிஸ்டன் இறங்கும். அந்த வாயுக் குப்பி இங்கே தெருமுனைக் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல என்பதால் நம் தச்சர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலேயே அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த கட்டம் லித்தியம் பேட்டரி. இதில் ஒரு கம்பெனி போன வழியில் இன்னொன்று போகவில்லை. டீவால்ட் போன்றவர்கள் உள்ளே ஒரு சக்கரத்தை வேகமாகச் சுழற்றி அதன் உந்தத்தை ஆணிக்கு மாற்றினார்கள். மில்வாக்கியும் சென்கோவும் வாயு அடைத்த மூடிய சிலிண்டரை வில் மாதிரி அமுக்கி விடுவிக்கும் முறையை எடுத்தன. ரியோபி, குட்டிக் கம்ப்ரஸரையே கருவிக்குள் வைத்துவிட்டது. மூன்றுக்கும் விலை ஒன்றுதான்: எடை. காற்று பிராட் கன் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். அதே ஆணியை அடிக்கும் பேட்டரி கன் அதைப் போல இரண்டு மடங்கு. தலைக்குமேல் ஃபால்ஸ் சீலிங் பீடிங் அடிக்கிறவன் மத்தியானத்துக்குள் அதைக் கீழே வைத்துவிடுவான்.

கருவி வீடுகளுக்குள் வந்ததற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை, ஆணி கன்னால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர். தொழிலாளிகள் அல்லாத, வீட்டு உபயோகக்காரர்களின் காயம் மட்டும் 1991-இல் 4,200 என்றிருந்தது 2005-இல் 14,800 ஆனது. அந்த இடைவெளியில் கருவி மலிவாகி எல்லாக் கடைக்கும் வந்திருந்தது. ஆபத்து பெரும்பாலும் விசையில் இருக்கிறது. ஒரு வகையில் விசையை இழுத்துப் பிடித்தபடியே மூக்கால் முட்டும் இடமெல்லாம் ஆணி இறங்கும். கூரைக்காரனின் வேகத்துக்காகச் செய்தது. மற்றதில் முதலில் மூக்கை அழுத்தி, பிறகு விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு விரலை விட்டுத் திரும்ப இழுக்க வேண்டும். முதல் வகையில் காயம் இரண்டு மடங்கு என்று அங்கே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். கருவி எகிறி, இழுத்த விசையோடு தொடையில் முட்டினால் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை அலமாரிப் பின்பலகை, பீடிங், படச்சட்டம் என்று செய்கிறவருக்குப் பேட்டரி பிராட் கன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிரில்லின் அதே கம்பெனியாக இருந்தால் பேட்டரிச் செலவு மிச்சம். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது இழுக்கும் கரண்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் மூச்சுத் திணறும். அபார்ட்மென்டில் அதன் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவு தட்டுவார். தினமும் அடிக்கிறவர், ஸ்ப்ரேயும் அடிக்கிறவர், கெட்டால் தானே பிரித்துப் பார்க்கிறவர் என்றால் காற்றுதான். அதை வெல்ல இன்னும் எதுவும் வரவில்லை. ஆனால் டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைச் சாயங்காலம் திறந்து விட மறந்தால், ஐப்பசி ஈரத்தில் அந்தத் தண்ணீர் குழாய் வழியே ஏறி வெனீர்மேல் துருக் கறையாக இறங்கும். தேக்குச் சட்டத்துக்கு இரண்டுமே வேண்டாம்; துளை போட்டு ஸ்க்ரூ ஏற்றுங்கள், முடிந்தால் கோத்துச் செய்யுங்கள். எதை வாங்கினாலும் பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் விசை எந்த வகை என்று கேட்டு, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள்.